பிள்ளையார் காலடியில் ஒரு பிடி கொழுந்து

நான் ஓட்டும் சுற்றுலா வான் வண்டியில் ஏறுகிற பயணிகளில் பாதிப் பேராவது அதைப் பற்றிக் கேட்டுவிடுவார்கள். டேஷ்போர்டில் ஒட்டியிருக்கும் சின்னப் பிள்ளையாரின் காலடியில், ஒரு மாஜரின் டப்பா மூடியில், காய்ந்து சுருண்ட இலைகள் ஒரு பிடி கிடக்கும். தேயிலை நாட்டுக்கு வந்திருக்கிறோம் என்ற உற்சாகத்தில் இது என்ன ரகம், எங்கே வாங்கலாம் என்று விசாரிப்பார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மா மூடியைத் தூக்கி மூக்கருகே பிடித்து, கண்ணை மூடி, அருமையான வாசனை என்று சொன்னார். அதில் தூசி வாசனையும் டீசல் வாசனையும் தவிர வேறெதுவும் கிடையாது. மறுத்துச் சொல்ல மனம் வராமல் நானும் தலையாட்டினேன். அது தேயிலையே இல்லை. அந்தச் செடியின் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு கிள்ளலும் இரண்டு இலை, ஒரு மொட்டு என்று பிசகாமல் இருக்கும். கிள்ளியவர் என் அத்தை. மனைவியின் அம்மா. அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பத்தைந்து வருடம் கொழுந்து பறித்தவர்.

மாமியார் மருமகன் எதிரில் நின்று பேசக்கூடாது என்று ஒரு வழக்கம் எங்கள் ஆட்களிடம் இருந்தது. இப்போது யாரும் அதைப் பார்ப்பதில்லை. என் வயதுக்காரர்கள் வீட்டில் மாமியாரும் மருமகனும் சேர்ந்து உட்கார்ந்து டிவி நாடகம் பார்க்கிறார்கள். அத்தை மட்டும் விடவில்லை. கல்யாணமாகி எட்டு வருடத்தில் அவர் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. கோபமெல்லாம் ஒன்றுமில்லை. தோட்டத்து வரிசை வீட்டுக்கு, அதாவது லயத்துக்குப் போனால் எனக்குப் பிடித்த தேங்காய் ரொட்டியும் சம்பலும் சுடச்சுடத் தயாராக இருக்கும். ஆனால் அதைச் சாப்பிடச் சொல்லும் செய்தி கதவுக்குப் பின்னாலிருந்து என் மகள் வழியாகத்தான் வரும். "அப்பாவ சாப்பிடச் சொல்லும்மா." மகள் இல்லாவிட்டால் பூனை. பூனையும் இல்லாவிட்டால் சுவர். வானில் ஏறினால் கடைசி சீட்டில், ஜன்னலோரமாக, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு உட்காருவார். நாங்கள் இருவர் மட்டும் போகிற நாட்களில் இவர் யாரிடம் தூது சொல்லுவார் என்று நான் நினைத்ததுண்டு. அத்தைக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. முன்னால்தான் பிள்ளையார் இருக்கிறாரே. "பிள்ளையாரப்பா, வளைவுல மெதுவாப் போகச் சொல்லு." "பிள்ளையாரப்பா, மாப்பிள்ளைங்க காலைல ஒண்ணும் சாப்பிடலையாம், எங்கயாச்சும் நிப்பாட்டித் தேத்தண்ணி குடிக்கச் சொல்லு." நானும் பிள்ளையாரைப் பார்த்தே, "சரிங்கன்னு சொல்லு" என்பேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அவர் பாவம், ஓய்வில்லாமல் வேலை பார்த்தார்.

நுவரெலியாவுக்கு வெளியே, மெயின் ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி, ஒரு கண்ணாடித் தோட்டம் இருக்கிறது. தேயிலை ஃபெக்டரி அளவுக்குப் பெரிய கட்டடம், சுவரும் கூரையும் முழுக்கக் கண்ணாடி. உள்ளே சூடான நாட்டு மரங்கள், பெரிய பெரிய இலைகள், ஒரு சின்ன நீர்வீழ்ச்சி, கடல்கடந்து வந்த பறவைகள். வெளியே பனி மூடி, மூச்சு விட்டால் புகை வருகிற குளிரிலும் உள்ளே வியர்க்கும். சுற்றுலாக்காரர்கள் அதைப் பார்க்காமல் ஊர் திரும்புவதில்லை. அந்தத் தோட்டத்து ஆபீசில் வான்களின் லிஸ்ட் ஒன்று உண்டு. ஹோட்டல்களிலிருந்து வண்டி கேட்டால் லிஸ்டில் இருக்கிறவர்களைத்தான் கூப்பிடுவார்கள். அதில் பெயர் வந்துவிட்டால் சீசன் இல்லாத மாதங்களிலும் ஓட்டம் இருக்கும். வராவிட்டால் ஹட்டன் ஸ்டேஷன் வாசலில் மற்ற வான்களோடு முண்டியடிக்க வேண்டியதுதான். நான் ஒரு வருடமாக அந்த லிஸ்டுக்காக அலைந்தேன். கடைசியில் ஒரு புதன்கிழமை வரச் சொல்லி மெனேஜர் போன் பண்ணினார்.

அதே புதன்கிழமைதான் அத்தைக்கு நுவரெலியா ஆஸ்பத்திரியில் நெஞ்சு கிளினிக். வருடக்கணக்காகப் பனியிலும் மழையிலும் மலையில் நின்றதில் அவருக்கு இழுப்பு வந்திருந்தது. மனைவி பாலர் பள்ளி டீச்சர், லீவு கிடைக்கவில்லை. நான்தான் கூட்டிப் போனேன். டொக்டரைப் பார்த்து முடிந்ததும் ரிப்போர்ட் பின்னேரம்தான் வரும் என்றார்கள். மழை பிடித்துக்கொண்டிருந்தது. அத்தை கடைசி சீட்டில் இருமிக்கொண்டு குளிரில் ஒடுங்கியிருந்தார். மெனேஜரையும் பார்த்த மாதிரி இருக்கும், அத்தையும் கொஞ்ச நேரம் சூட்டில் இருக்கட்டும் என்று நினைத்து வண்டியைக் கண்ணாடித் தோட்டத்துக்கு விட்டேன். வாசலில் அவரை இறக்கி, டிக்கெட் எடுத்துக் கையில் கொடுத்து, உள்ளே போய்ப் பறவையெல்லாம் பார்க்கச் சொல்லுமாறு பிள்ளையாரிடம் சொல்லிவிட்டு, நான் வண்டியைப் பின்பக்கம் நிறுத்தி ஆபீசுக்குப் போனேன். மெனேஜர் வர அரைமணி நேரமாகும் என்றார்கள். நானும் உள்ளே போனேன்.

அத்தை எனக்குப் பத்தடி முன்னால் போய்க்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அந்தப் பத்தடியைப் பன்னிரண்டாக்கிக்கொண்டார். பார்த்தவர் யாரும் நாங்கள் ஒன்றாக வந்தவர்கள் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். முதல் வேலையாகத் தலை முந்தானையை எடுத்துவிட்டார். பிறகு கம்பளிச் சட்டையின் பொத்தானைக் கழற்றினார். கழுத்து வியர்வையைத் துடைத்து, அந்தக் கையையே வேடிக்கை பார்த்தார். சிவப்பும் நீலமுமாக முழ நீள வாலுள்ள இரண்டு பெரிய கிளிகள் கிளையில் உட்கார்ந்து கொட்டை உடைத்துக்கொண்டிருந்தன. அத்தை அவற்றின் முன் நின்று, எனக்குக் கேட்கும்படி, கிளியிடம் பேசினார். "ஒனக்குக் குளிரக்கூடாதுன்னா இம்புட்டு சூடு போட்டிருக்காங்க? குடுத்து வச்ச சென்மம்டி நீ. எங்க லயத்துல கூரத் தகரம் ஒழுகுது. மாப்பிள்ளைங்ககிட்ட சொல்லு, நான் இங்கனயே கூட்டிப் பெருக்கிக்கிட்டு இருந்துக்கிறேன்னு." எனக்குச் சிரிப்பு வந்தது. வாழைப்பூ அளவுக்கு அலகு வைத்திருந்த ஒரு கறுப்புப் பறவையைப் பார்த்து, "இத எப்புடித் தூக்கிக்கிட்டுப் பறக்குற?" என்று உண்மையான கவலையோடு கேட்டார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதேயில்லை. இருமலும் நின்றிருந்தது. அப்போது ஆபீசிலிருந்து ஆள் வந்து என்னைக் கூப்பிட்டான், நான் போய்விட்டேன்.

மெனேஜர் கொழும்புக்காரர், நல்ல மனுஷன்தான், ஆனால் ஒழுங்கு பார்ப்பவர். நடந்துகொண்டே பேசலாம் என்று என்னைத் தோட்டத்துக்குள் கூட்டிவந்தார். என் வண்டியில் வருகிறவர்கள் பறவைக்குத் தீனி போட்டாலோ செடியைத் தொட்டாலோ அதற்கு நான்தான் பொறுப்பு, ஒரு புகார் வந்தாலும் லிஸ்டிலிருந்து பெயரை எடுத்துவிடுவேன் என்று சிங்களத்தில் விளக்கினார். நான் எல்லாவற்றுக்கும் சரி சேர், சரி சேர் என்று வந்தேன். நீர்வீழ்ச்சியைத் தாண்டி நடைபாதை திரும்பும் இடத்தில் இடுப்பளவு உயரத்தில், தலையை மட்டமாக வெட்டிய ஒரு செடி வரிசை. நுனியெல்லாம் இளம்பச்சைத் துளிர். அத்தை அதன் முன் நின்றார். கண் மேலே கிளியின் மீதே இருந்தது, வாய் கிளியிடம் பேசிக்கொண்டிருந்தது, இரண்டு கைகளும் தம் பாட்டுக்குக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தன. அப்படி ஒரு வேகம். பிடி நிறைந்ததும் கை தோளுக்கு மேலே போய்ப் பின்னால் எறிந்தது. முதுகில் கூடை இல்லை. அத்தை வேலையிலிருந்து நின்று நாலு வருடமாகிறது. நடைபாதை முழுக்கக் கொழுந்து சிதறிக் கிடந்தது, அவருக்கு அது தெரியவே இல்லை.

முதலில் ஓடிவந்தவர் அங்கே செடிகளுக்கெல்லாம் பொறுப்பான தோட்டக்கார ஐயா, சிங்களத்தில் மாத்தயா. கினிகத்தேனைக்காரர், சிங்களவர், தமிழும் நன்றாகப் பேசுவார். அவர் போட்ட சத்தத்தில் அத்தையின் கை நின்றது. கீழே பார்த்தார், கையைப் பார்த்தார், முகம் செத்துப்போனது. மெனேஜர் கிட்டப் போய், அந்தச் செடி எவ்வளவு பாடுபட்டு வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது தெரியுமா என்று ஆரம்பித்து, இந்த அம்மா யார் கூட வந்தவர் என்று சுற்றியிருந்தவர்களைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார். என்னையும் பார்த்தார், எல்லோரையும் பார்க்கிற மாதிரிதான். அத்தை ஒரே ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தார். எட்டு வருடத்தில் அவர் என் கண்ணை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் கிளியைப் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும். என் மாமியார், தெரியாமல் செய்துவிட்டார், மன்னித்துக்கொள்ளுங்கள். சிங்களத்தில் அதை எப்படிச் சொல்வது என்றுகூட மனசுக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். வாய் திறக்கவில்லை. லிஸ்ட்தான் காரணம். ஆனால் அது மட்டும்தான் என்று சொன்னால் பொய். மெனேஜர் பக்கத்தில் சப்பாத்துப் போட்டு நின்ற எனக்கு, ரப்பர் செருப்போடு நின்ற அந்த அம்மா என் ஆள் என்று சொல்ல அந்த நிமிஷத்தில் வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது.

"மம தனியம ஆவா" என்றார் அத்தை. நான் தனியாகத்தான் வந்தேன் என்று அர்த்தம். கடைத்தெருவில் காய்கறி வாங்கப் பழகிய சிங்களம் அது. என் பக்கம் திரும்பாமலே சொன்னார். தோட்டக்கார மாத்தயாவுக்கு அதற்குள் கோபம் தணிந்திருந்தது. "பரவால்ல, போங்கம்மா" என்று தமிழில் சொல்லி வாசல்வரை கூட்டிப்போய் விட்டார். மெனேஜர் என்னை ஆபீசுக்கு அழைத்துப்போய், லிஸ்டில் பெயரை எழுதிக்கொண்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். நான் குடித்தேன். கண்ணாடிக்கு வெளியே மழை பெய்வது தெரிந்தது. இருந்தும் அந்தத் தேத்தண்ணியை முழுசாகக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

வண்டியை எடுத்து வந்தால் வாசலில் அத்தையைக் காணவில்லை. ரோட்டில் இறங்கி முதல் வளைவைத் தாண்டியதும் ஒரு சைப்ரஸ் மரத்தடியில் நனைந்துகொண்டு நின்றார். தோட்டத்து ஆட்கள் யாரும் பார்க்காத இடமாகத் தேடிப் போய் நின்றிருக்கிறார், தனியாக வந்தவர் என் வண்டியில் ஏறுவதை யாராவது பார்த்துவிடக் கூடாதே என்று. நான் பக்கக் கதவைத் திறக்க இறங்கினேன். அத்தை அதற்குள் முன் கதவைத் திறந்து எனக்குப் பக்கத்து சீட்டில் ஏறிவிட்டார். இறுக மூடியிருந்த வலது கையைப் பிள்ளையார் காலடியில் திறந்தார். கடைசியாக எடுத்த பிடி கொழுந்து. "எடுத்தத வீணாப் போடக்கூடாதுங்க" என்றார். பிள்ளையாரிடம் இல்லை, என்னிடம். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி பேசினார். "மாப்பிள்ளை, பொண்ணுகிட்ட ஒண்ணும் சொல்ல வேணாங்க. என் கைதான் சும்மா கெடக்காமப் போச்சு. ஒங்க மேல ஒண்ணுமில்லங்க." நான் சரிங்க என்றேன். மன்னிச்சிடுங்க என்று சொல்ல நினைத்து, வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு வீடு வந்ததும் அவர் மறுபடி கதவுக்குப் பின்னால் போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்துப் பயணிகளோடு போனபோது தோட்டக்கார மாத்தயா என் கையைப் பிடித்து இழுத்துப்போய் அந்தச் செடியைக் காட்டினார். அத்தை கிள்ளிய இடத்திலெல்லாம் ஒன்றுக்கு மூன்றாகத் துளிர் வெடித்து, அந்தப் பகுதி மட்டும் செழித்து நின்றது. கிள்ளாத பாதியைக் கத்தரித்து விட்டிருந்தார், அது வெறும் குச்சியாக நின்றது. "நான் கத்தரிக்கோலால வெட்டி வெட்டிப் பாத்தேன், வரல. அந்த அம்மா கைக்கு வந்திருச்சு. எந்தத் தோட்டமோ தெரியாது. எங்கயாச்சும் பாத்தா கூட்டிட்டு வாங்களேன், மிச்சத்தையும் எடுக்கட்டும்" என்றார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நேராக லயத்துக்கு வண்டியை விட்டு, பூனையைக்கூடத் தேடாமல், கதவைப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். உள்ளேயிருந்து சிரிப்புக் கேட்டது. "பேர் போடுவாங்களாமா?" என்று கேட்டார், தோட்டத்தில் ஒரு நாள் கூலியைக் கணக்கில் எழுதுவதற்கு அப்படித்தான் சொல்வார்கள். நாளைக்கே போகலாமுங்க என்றேன். உள்ளே சிரிப்பு நின்றது. பிறகு, "நான் தனியா வந்தவளாச்சே. இப்ப ஒங்க கூட எப்புடிங்க வர்றது?" என்றார். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அவருக்கு அது உண்மையான சிக்கல். போனால் என் பெயர் கெடும் என்றுதான் நினைத்தார். நான் இப்போதே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வருகிறேன் என்று கிளம்பியிருக்கலாம். பார்க்கலாமுங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் அத்தை போய்விட்டார். கருமாதி அன்று லயத்துக் காம்பராவின் ஒற்றை அறையில் பெண்கள் கூடியிருந்தார்கள், நான் வெளியே ஆட்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே என் மனைவி அழுதுகொண்டே சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா கண்ணாடித் தோட்டத்தில் செடியைக் கிள்ளிவிட்டார்களாம். பெரிய துரைமாரெல்லாம் கூடிவிட்டார்களாம். மாப்பிள்ளை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, இது எங்க அத்தை, என்ன நட்டம்னாலும் நான் பாத்துக்கிறேன் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாராம். "அம்மா இத என்கிட்ட எத்தன தடவ சொல்லியிருக்காங்க தெரியுமா? பெத்த மகன்கூட அப்புடி நின்னிருக்க மாட்டான்னு சொல்லுவாங்க." பெண்கள் எல்லோரும் வாசலில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் கையில் தட்டு இருந்தது. அதை வைத்துவிட்டு லயத்துக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். அத்தையை நினைத்து அழுவதாக எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

இரண்டு வருடம் அந்தப் பெருமையைச் சுமந்துகொண்டு திரிந்தேன். போன மாதம் பாலர் பள்ளிக்கு லீவு விட்டபோது, அம்மா கிள்ளிய செடியைப் பார்க்க வேண்டும் என்று மனைவி பிடிவாதமாக நின்றாள். எத்தனை சாக்குச் சொல்வது? கூட்டிப் போனேன். முன் சீட்டில் உட்கார்ந்து காய்ந்த கொழுந்தைத் தடவிக்கொண்டே வந்தாள். கண்ணாடிக் கதவைத் திறந்ததும் அதே சூடு. அதே கிளிகள். என் மனைவியும் கம்பளிச் சட்டையைக் கழற்றினாள். செடியருகே தோட்டக்கார மாத்தயா நின்றார். மனைவி நேராக அவரிடம் போய், "அய்யா, இதுல கொழுந்து எடுத்தாங்களே ஒரு அம்மா, ஞாபகம் இருக்குங்களா? நான் அவங்க மகள். அன்னைக்கு இவரு வந்து எங்க அத்தைன்னு சொன்னாரே, அது ஒங்ககிட்டத்தானே?" என்றாள். மாத்தயா அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவர் நல்லவர். எனக்காகத் தலையாட்டிவிடுவார் என்று தோன்றியது. எனக்காக இன்னொருவர் பொய் சொல்வதை அங்கே நின்று பார்க்க என்னால் முடியவில்லை.

"இல்ல" என்றேன். "அன்னைக்கு நான் சொல்லல. பக்கத்துலதான் நின்னேன், பேசாம நின்னேன். அத்தைதான் தனியா வந்தேன்னு சொன்னாங்க. அவங்க மழையில நின்னாங்க, நான் ஆபீசுல தேத்தண்ணி குடிச்சேன். மாத்தயா, அந்த அம்மா எங்க அத்தைங்க. அவங்க செத்து ரெண்டு வருஷமாச்சு." மாத்தயா தொப்பியைக் கழற்றினார். மனைவி செடியை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே நடந்தாள்.

வானுக்கு வந்ததும் அவள் முன் கதவைத் திறக்கவில்லை. பக்கக் கதவைத் தள்ளி, எல்லா சீட்டையும் தாண்டி, கடைசி சீட்டில் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. வண்டியை எடுத்தேன். கேட்டைத் தாண்டியதும் பின்னாலிருந்து குரல் வந்தது. "பிள்ளையாரப்பா, அம்மா எங்க நின்னாங்கன்னு கேளு." நான் வளைவைத் தாண்டி சைப்ரஸ் மரத்தடியில் நிறுத்தினேன். "எவ்வளவு நேரம் நின்னாங்கன்னு கேளு." பத்து நிமிஷம் இருக்கும் என்றேன். மனைவி இறங்கிப் போய் மரத்தடியில் நின்றாள். குடை வண்டியில்தான் இருந்தது, அவள் எடுக்கவில்லை. நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு நானும் இறங்கிப் போய்ப் பக்கத்தில் நின்றேன். இரண்டு பேரும் நன்றாக நனைந்தோம். அந்த வழியாகப் போன ஒரு பஸ்ஸிலிருந்து ஆட்கள் எங்களை விநோதமாகப் பார்த்தார்கள்.

முதலில் அவள்தான் நடந்தாள். முன் கதவைத் திறந்து ஏறினாள். நான் ஏறி உட்கார்ந்தபோது பிள்ளையார் காலடியில் இருந்த மூடியை எடுத்து மடியில் வைத்திருந்தாள். ஒரு இலைகூடக் கொட்டாமல் மறுபடி இருந்த இடத்திலேயே வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "குளிருதுங்க, ஹீட்டரப் போடுங்க" என்றாள். போட்டேன். சூடான காற்று கண்ணாடியில் மோதித் திரும்பியதில் காய்ந்த கொழுந்து மூடிக்குள் மெல்ல அசைந்தது.